வயது வந்தோர் வகுப்பு: நம்மவர் ஏன் போவதில்லை?

தோட்டத்துப் பாட்டாளித் தோழர்களே, படிப்பு என்று சொன்னதும் நமக்கு நினைவில் வருவது பிள்ளைகளின் படிப்புதான். கடன் பட்டாவது மகனைப் படிக்கவைக்கிறோம். மகளுக்கு டியூஷன் காசு கட்டுகிறோம். நல்ல காரியம். ஆனால் நாற்பத்தைந்து வயதுத் தாயொருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினால் லயத்தில் என்ன பேச்சு எழும்? "இந்த வயசுல இவளுக்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கு?" என்பார்கள். பெண்களைத்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்றில்லை. ஆம்பளைகளையும் கேலி பேசியே உட்காரவைத்துவிடுகிறார்கள்.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது சமூகக் கல்லூரிகளில் நடக்கும் குறுகிய கால வகுப்புகள். மலாயில் கோலேஜ் கொமுனிட்டி என்று பெயர்ப்பலகை தொங்கும் கல்லூரிகள்தான் இவை. நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று என்ற எண்ணத்தோடு 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை முடிவெடுத்து, 2001ல் முதல் கல்லூரிகள் திறக்கப்பட்டன. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் முழு நேரமாகச் சேர்ந்து சான்றிதழ் பெறும் படிப்பு அங்கே உண்டு. அது பலருக்கும் தெரியும். அதே கட்டடத்தில், பெரும்பாலும் சனி ஞாயிறுகளில், வயது வந்தவர்களுக்கென்று தனியாக வகுப்புகள் நடப்பதுதான் நம்மவருக்குத் தெரிவதில்லை.

ஒரு நாள் வகுப்பு, இரண்டு நாள் வகுப்பு என்று வைக்கிறார்கள். தையல், கேக் செய்தல், கணினி, மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தல், வீட்டு மின்சாரம், குளிர்சாதனப் பெட்டி கழுவிச் சரிபார்த்தல், முடி திருத்துதல், மணப்பெண் ஒப்பனை என்று ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பரீட்சை கிடையாது. புள்ளி கிடையாது. எந்தப் பட்டப் படிப்புக்கும் இது கணக்கில் சேராது. வந்து கலந்துகொண்டார் என்று ஒரு தாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். கட்டணம் வகுப்புக்கு வகுப்பு வேறுபடும். தனியார் பயிற்சி நிலையங்கள் கேட்கும் தொகையோடு பார்த்தால் சொற்பம். பெரும்பாலான வகுப்புகளுக்கு முன்படிப்பு எதுவும் கேட்பதில்லை.

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கோலலங்காட், சுங்கைப்பட்டாணி, கூலிம், சிகாமட் என்று இந்தக் கல்லூரிகள் இருக்கும் ஊர்களைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் காடாக இருந்த ஊர்கள். நம் பாட்டனும் பாட்டியும் வாளி தூக்கிய மண். அங்கே நடக்கும் வகுப்பில் நம் முகங்கள் எத்தனை என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும் என்று தோன்றுகிறது.

இதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. ஆயக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறை, கிராணியே வாத்தியார் என்ற கணக்கில்கூடப் பல இடங்களில் நடந்தது. எப்படியோ, பிள்ளைக்குப் பள்ளி வந்தது. தாய் தகப்பனுக்கு என்று எதுவும் வரவில்லை. பெரட்டுக்கு வந்தார்களா, நிரையை முடித்தார்களா, அதோடு சரி. சுதந்திரத்துக்குப் பிறகு 1961ல் அரசாங்கம் முதியோர் கல்வி வகுப்புகளைப் பெரிய அளவில் தொடங்கியது. அது முக்கியமாகக் கம்பங்களை நோக்கிப் போன முயற்சி. தோட்டமோ தனியார் நிலம். கேட்டைத் தாண்டி உள்ளே வர துரையின் சம்மதம் வேண்டும். ஆக, படிப்பு என்பது பிள்ளைகளின் சங்கதி என்று நம் மக்கள் நினைத்ததில் அவர்கள் குற்றம் அதிகமில்லை.

ஆனால் இன்று நிலைமை வேறு. தோட்ட வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கைக்குப் போய்விட்டது. பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் சாய்ந்து தாமான் வந்த இடங்கள் அநேகம். மிஞ்சியிருக்கும் நம்மவர்களில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களே அதிகம். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் ஓய்வு வயது குறைந்தது 60 என்று சட்டம் ஆனது. அறுபதில் வேலை முடிகிறபோது சம்பளம் மட்டுமா நிற்கிறது? தோட்டத்து வீட்டையும் காலி செய்யவேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது உண்மைதான். முப்பது வருஷம் அதைவிட மிகக் குறைவான கூலி வாங்கியவர் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை வீட்டில் குடியேறி, கையில் வேறொரு தொழிலும் இல்லாமல் உட்காருகிறவரின் பாடு எப்படி என்பதைத் தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இப்படி ஒரு பயத்தோடுதான் சிலாங்கூர் கரையோரத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஓர் அம்மா தையல் வகுப்புக்குப் போனார். வயது 52. ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளி. நாம் அவரைச் சந்தித்தபோது முதலில் சொன்னது மொழியைப் பற்றித்தான். "சிக்கு பேசுற மலாய் வேற, நாங்க கடையில பேசுற மலாய் வேற. முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே வெளங்கல. எழுந்து போயிடலாமான்னு இருந்துச்சு." போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "துணிய மேசையில விரிச்சாங்க. அப்புறம் மொழி எதுக்கு?" என்றார்.

அன்று கற்றுத்தந்தது பாஜு குரோங். அதைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். முன்னும் பின்னும் ஒரு துண்டு, இரண்டு கை, பக்கவாட்டில் கீழே அகன்றுகொண்டு போகும் நீளத் துண்டுகள், அவற்றுக்குப் பெயர் பெசாக். அக்குளில் வைத்துத் தைக்கும் சின்னச் சதுரம், அதற்குப் பெயர் கெக்கெக். அந்தச் சதுரம் இல்லையென்றால் கையைத் தூக்கும்போது உடை மேலே இழுக்கும். சதுரத்தின் நான்கு மூலையும் சரியாக உட்காரவேண்டும். ஒரு மூலை பிசகினாலும் அக்குளில் சுருக்கம் விழும். இந்த அம்மா நாலு தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாராம். ஐந்தாம் தடவை ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "அக்கா முன்னாடி தைச்சிருக்கீங்களா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். இல்லை, பால் வெட்டினேன் என்று இவர் பதில் சொன்னதும் பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்களாம்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. பால் வெட்டுகிற கை எப்படிப்பட்டது என்று வெட்டியவர்களுக்குத் தெரியும். உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதிதாக வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும். மேலோடு போனால் பால் இறங்காது. நடுவில் இருக்கும் அந்த மெல்லிய அளவை, விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைக்குள் நூற்றுக்கணக்கான மரங்களில் தப்பாமல் பிடிக்கிற கை அது. அந்தக் கைக்கு நாலு மூலைச் சதுரம் ஒரு பெரிய வித்தையா?

இப்போது அவர் தோட்டத்துக்குள்ளேயே தைக்கிறார். தீபாவளிக்கு ரவிக்கை, நோன்புப் பெருநாளுக்கு முன் கம்பத்துப் பெண்களின் பாஜு குரோங், பள்ளி திறக்கும் காலத்தில் பிள்ளைகளின் சீருடை. பணக்காரியாகிவிட்டார் என்று நாம் எழுதினால் அது பொய். தையல் மெஷினுக்கு வாங்கிய தவணைக் கடன் அடைந்துவிட்டது. அறுபதுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்த வகுப்புகளைப் பற்றி இனிப்பாக மட்டும் பேசிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. அவர்கள் தரும் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். தோட்டமொன்றில் ஓர் இளைஞர் இரண்டு நாள் மின்சார வகுப்புக்குப் போய்வந்து, அக்கம் பக்கத்து வீடுகளுக்கு வயரிங் செய்து தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். இது ஆபத்து. வீட்டுக்கு வயரிங் செய்யும் தொழிலுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒற்றை ஃபேஸுக்கு ஒன்று, மூன்று ஃபேஸுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கிறது. இரண்டு நாள் வகுப்பு, பியூஸ் ஏன் போகிறது, பிளக்கை எப்படி மாட்டுவது என்று சொல்லித்தரும். அதற்குமேல் போக ஆசைப்படுகிறவர் முறையாகப் படித்துச் சான்றிதழ் எடுக்கவேண்டும். வகுப்பைத் திறப்பாக எண்ணலாம், உரிமம் என்று எண்ணக்கூடாது.

கேக், பலகாரம் செய்து விற்க நினைக்கும் சகோதரிகளுக்கும் இதே பேச்சுத்தான். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாள்பவர்கள் அதற்கென்று உள்ள பயிற்சிக்குப் போகவேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவேண்டும். வியாபாரத்தைப் பதிவு செய்வதும் அவசியம். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. "பாசார் மாலாமில ஒரு மேசை போடுறதுக்கு இவ்வளவு சங்கதியா?" என்று ஒரு தங்கை நம்மிடம் சலித்துக்கொண்டார். ஆமாம், இவ்வளவுதான் சங்கதி. பதிவு இருந்தால் நாளை சிறு கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் காட்ட ஒன்று இருக்கும்.

இன்னொன்றும் நம்மவர் காதில் போடவேண்டியது. பல வருஷம் ஒரு கைத்தொழிலைச் செய்து கைதேர்ந்தவர்கள், பட்டறையில் வெல்டிங் அடிப்பவர்கள், டிராக்டர் லாரி பழுது பார்ப்பவர்கள், நம் தோட்டங்களில் நிறைய. ஒரு தாளும் அவர்களிடம் இருக்காது. இவர்கள் மறுபடியும் முதலிலிருந்து பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை. அனுபவத்தையே சான்றுகளோடு கோப்பாகத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டி, மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. எஸ்.கே.எம். என்று மலாயில் சுருக்கமாகச் சொல்வார்கள். திறன் மேம்பாட்டுத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

சரி, ஆசை இருக்கிறது, போவதெப்படி? இங்கேதான் பலருக்கும் முட்டுகிறது. சனிக்கிழமை வேலை நாள். ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்குத்தான் துணி துவைக்கவேண்டும், சாமான் வாங்கவேண்டும், கோயிலுக்கும் போகவேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து பெரிய ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தால் காலை ஒன்பது மணி வகுப்புக்குப் பத்தரைக்குப் போய்ச் சேரலாம். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தால் அது கணவன் கையில். "வகுப்புக்குக் காசு கொஞ்சம்தான், வண்டிக்காரனுக்குத்தான் அதிகம்" என்று ஒருவர் சொன்னது முழு உண்மை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சமூகக் கல்லூரிகள் தங்கள் வளாகத்தில்தான் வகுப்பு நடத்துவோம் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. போதுமான ஆட்கள் சேர்ந்து கேட்டால் பொது மண்டபங்களுக்கும் வந்து நடத்தியிருக்கிறார்கள். தோட்டத்தில் கோயில் மண்டபம் இருக்கிறது, பழைய பள்ளிக் கட்டடம் இருக்கிறது, சில இடங்களில் தொழிற்சங்கக் கிளைக்கு அறைகூட இருக்கிறது. திருவிழாவுக்குப் பந்தல் போட, மைக் செட் பிடிக்க, அன்னதானத்துக்கு அரிசி வசூலிக்க ஆலயச் செயலவையினருக்குத் தெரிகிறது. பதினைந்து பேரின் பெயரை எழுதிக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வர அவர்களால் முடியாதா? வெளியாட்கள் உள்ளே வர நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே கடிதம் எழுதி வாங்கிவிடுவது நல்லது. வாய்ப்பேச்சை நம்பி வகுப்பன்று கேட்டில் நிற்கவேண்டாம்.

பெயர்ப் பட்டியல் எழுதும்போது அடையாள அட்டை எண்ணையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எந்த வகுப்பு என்பதைப் போகிறவர்களே பேசி முடிவு செய்யட்டும். செயலவையில் உள்ள ஆண்கள் உட்கார்ந்து பெண்களுக்குக் கோலப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டாம், அப்படியும் ஓரிடத்தில் நடந்திருக்கிறது. தையல் என்றால் துணியும் கத்தரிக்கோலும் நாம் கொண்டுவரவேண்டுமா, அவர்களே தருவார்களா, கட்டணத்தில் அது சேர்ந்ததா என்று முதல் நடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மெஷின்கள் எத்தனை கொண்டுவருவார்கள் என்றும் கேளுங்கள். பத்துப் பேருக்கு மூன்று மெஷின் என்றால் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.