ஆயர் மாறிப் போனா சபை நின்னுடுமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். “அண்ணா, பழைய ஆயர் இருந்த வரைக்கும் வாலிபர் கூட்டம், ஞாயிறு பள்ளி எல்லாம் நல்லா நடந்துச்சு. அவர் டிரான்ஸ்ஃபர்ல போனதும் ரெண்டே மாசத்துல எல்லாம் நின்னுடுச்சு. இப்ப என்னைப் பொறுப்பு எடுத்துக்கச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது. என்ன செய்யட்டும்?”

நம்மில் பல பேர் இதைப் பார்த்திருப்போம். ஆயர் கெட்டிக்காரரா இருந்தா சபை ஓடும், அவர் கிளம்பினா படுத்துடும். அப்போ குறை புது ஆயர்கிட்டயா? எனக்கு அப்படித் தோணலை. பழையவர் இருந்தப்பவே ஒரு வேலை நடக்காம போயிருக்கு. அது என்னன்னு பார்க்கலாம்.

முதல்ல அமைப்பைச் சுருக்கமா சொல்லிடறேன். தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல உருவானது. இதில் ஆயரை நியமிக்கிறதும் மாற்றுறதும் பேராயத்தின் பொறுப்பு. சபையார் தேர்ந்தெடுக்கிற கமிட்டி உள்ளூர்லயே இருக்கும். ஆக, ஆயர் வருவார், போவார். உள்ளூர் ஆட்கள்தான் நிரந்தரம். ஆனா நாம மனசுக்குள்ள தலைகீழா வச்சிருக்கோம்: ஆயர்தான் சபை, நாம வந்து உட்கார்ந்துட்டுப் போறவங்க.

இந்தக் கேள்வியோட ரொம்ப நாள் மல்லுக்கட்டின ஒருத்தர் காஞ்சிபுரத்திலேயே வேலை பார்த்திருக்கார். பேர் லெஸ்லி நியூபிகின். இங்கிலாந்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரியா 1936-ல் சென்னைக்கு வந்தார். வந்த கொஞ்ச காலத்திலேயே பஸ் விபத்தில் கால் உடைஞ்சு, சிகிச்சைக்காக ஊர் திரும்ப வேண்டியதாச்சு. மறுபடி 1939-ல் வந்தப்போ அவருக்குக் கிடைச்ச ஊர் காஞ்சிபுரம்.

அங்கே வாரத்தில் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோட தரையில் உட்கார்ந்து உபநிஷத்தும் சுவிசேஷமும் சேர்ந்து படிச்சார். போதிக்க வந்தவர், முதல்ல கத்துக்க உட்கார்ந்தார். தலைமைக்கு இது நல்ல தொடக்கம்னு நினைக்கிறேன்.

அந்தக் காலத்துக் கிராம சபைகளை யோசிச்சுப் பாருங்க. குருப்பட்டம் பெற்ற ஆயர்கள் கொஞ்சம் பேர், சபைகளோ நிறைய. பல இடங்களில் பள்ளிக்கூட வாத்தியாரே உபதேசியார். அவருக்குச் சம்பளம் மிஷன்லேர்ந்து வரும். அதனால சபையார் பார்வையில் ஊழியம்ங்கிறது சம்பளம் வாங்குறவர் வேலை. பணம் நின்னா? ஆள் மாறினா? சபையும் தடுமாறும்.

ரோலண்ட் ஆலன்னு ஒரு ஆங்கிலேயர், சீனாவில் மிஷனரியா இருந்தவர், 1912-ல் ஒரு புத்தகம் எழுதினார். பவுல் ஒரு ஊர்ல சபையைத் தொடங்கினதும் வருஷக்கணக்கா அங்கேயே உட்காரலை. லீஸ்திரா, இக்கோனியா, அந்தியோகியான்னு திரும்பி வர்ற வழியிலேயே, புதுசா நம்பினவங்க நடுவிலேர்ந்தே மூப்பர்களை ஏற்படுத்தினார். அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தில் இது இருக்கு. “நாம ஏன் அப்படிச் செய்யறதில்லை?” என்பதுதான் ஆலனோட வாதம். பின்னாளில் அந்தப் புத்தகத்தின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினவர் நம்ம நியூபிகின். உள்ளூர் ஆட்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கணும்கிறதில் அவரும் உறுதியா இருந்தார்.

1947-ல், 37 வயசில், அவர் மதுரை-ராமநாதபுரம் பேராயர் ஆனார். 1965-ல் சென்னைப் பேராயர். 1974-ல் ஓய்வு பெற்றார். அடுத்து சுந்தர் கிளார்க் வந்தார். நியூபிகினும் மனைவியும் ரெண்டு சூட்கேஸ், ஒரு முதுகுப்பையோட பஸ் பஸ்ஸா மாறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாங்க. பொறுப்பை விட்டுட்டுப் போகத் தெரியறதும் தலைமையில் ஒரு பகுதிதான்.

ஆனா இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. உள்ளூர்த் தலைமை சில இடங்களில் குடும்பச் சொத்தா மாறிடும். ஒரே வீட்டு ஆள் செயலர், அவங்க சொந்தக்காரர் பொருளாளர். சாதிக் கணக்கும் உள்ளே வந்துடும். நிறுவனரே ஆயுள் முழுக்கப் போதகரா இருக்கிற தனிச் சபைகளில் அடுத்தது மகனாங்கிற கேள்வியும் வரும். டிரான்ஸ்ஃபர் முறை எரிச்சலா இருந்தாலும், ஒருத்தர் கையில் எல்லாம் குவியாம பார்த்துக்கிற வேலியும் அதுதான். ஆக, தேவை ரெண்டும்: உள்ளூர் ஆட்கள் கையில் வேலை, வெளியிலேர்ந்து ஒரு கண்.

இனி, தம்பிக்கு. உங்க தெருவிலேயே பதில் இருக்கு. கோர்வைப் புடவை நெய்ய வழக்கமா ரெண்டு பேர் வேணும் இல்லையா? நெசவாளர் தறியில உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கக் கரைக்கான நாடாவை எறிய இன்னொருத்தர் பக்கத்துல இருப்பார். அந்த ரெண்டாவது ஆள் வேடிக்கை பார்த்துக் கத்துக்கலை, நாடாவை எறிஞ்சு கத்துக்கிட்டார்.

அதே மாதிரி மூணு விஷயம் செய்யுங்க.

ஒண்ணு, எந்த வேலையையும் தனியா எடுக்காதீங்க. ஞாயிறு பள்ளிக்கு ரெண்டு பேர், பாட்டுக்கு ரெண்டு பேர். ஒருத்தர் வரலைன்னாலும் வேலை நிக்கக் கூடாது. அதில் ஒருத்தராவது இதுவரை யாரும் கூப்பிடாத ஆளா இருக்கட்டும்.

ரெண்டு, காணிக்கைக் கணக்கு எவ்வளவு சின்னதா இருந்தாலும் எழுதுங்க, ரெண்டு பேர் எண்ணுங்க, எல்லாருக்கும் காட்டுங்க. நம்பிக்கை போச்சுன்னா திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்.

மூணு, புது ஆயரைப் பழைய ஆயரோட ஒப்பிடாதீங்க. போய்ப் பேசுங்க. “ஐயா, நாங்க இதைச் செய்யறோம், நீங்க எங்களுக்குக் கத்துக்கொடுங்க”ன்னு கேளுங்க. ஆயரை எதிர்த்து நடத்தறது உள்ளூர்த் தலைமை ஆகாது.

‘எனக்கு ஒண்ணுமே தெரியாது’ன்னு சொன்னீங்களே, அது தடை இல்லை. லீஸ்திராவில் மூப்பரானவங்களும் புதுசா நம்பினவங்கதான். ஒரு வருஷம் கழிச்சு உங்களையே கேட்டுப் பாருங்க: நாளைக்கு எனக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டா, இந்த வாலிபர் கூட்டம் நடக்குமா? நடக்கும்னா, பழைய ஆயர் விட்டுப்போன வேலையை நீங்க முடிச்சிருக்கீங்க.

உங்க சபையில் என்ன நடக்குதுன்னு எங்களுக்கும் ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.