ஆராய்ந்தளிக்கும் ஈகை

மாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையிலே அமைந்தது மூதூர். முஸ்லிம்களும் தமிழரும் உழவும் மீன்பிடியும் மேற்கொண்டு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இவ்வூர், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலையின் வாய்ப்பட்டது. அன்று இலங்கையில் மாண்டோர் 30,000 பேருக்கும் மேலாவர். உலகோரின் இரக்கமும் அப்போது பேரலையெனவே எழுந்தது. அலையாற் சிதைந்த நாடுகள் அனைத்துக்குமாகப் பிற நாட்டார் வழங்கியதும் வழங்க உடன்பட்டதும் ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டொலர் எனக் கணக்கிட்டனர். அதில் ஐந்தில் இரு பங்களவு அரசுகள் அளித்ததன்று. பொதுமக்களும் தனியாரும் அளித்தது.

இத்துணைப் பெருங்கொடையும் சென்று சேரவேண்டிய இடத்தைச் செவ்வனே சேர்ந்ததோ எனின், முழுவதும் சேர்ந்தது என்று கூறுதற்கில்லை. சுமாத்திராத் தீவின் அச்சே மாகாணத்தில் ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. அதிற் பெரும்பகுதி அந்நாட்டு மருத்துவர்க்கு வேண்டாதது. மேலுறையின் மொழியும் அவர் அறியாதது. இலங்கைக் கரையோரத்துக்கு வழங்கப்பட்ட படகுகளுள் கடலுக்கு ஏலாதனவும் இருந்தன. இவை வஞ்சகத்தால் நேர்ந்தவையல்ல. கேளாது கொடுத்தமையால் நேர்ந்தவை.

வஞ்சகமும் வாளாவிருக்கவில்லை. பேரலை எழுந்த சில வாரங்களுக்குள், அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஒருவர், பெயர்பெற்ற நிவாரண நிறுவனமொன்றின் பெயரால் பல இலட்சம் மின்னஞ்சல்களை அனுப்பினார். வரும் பணம் தம் கணக்கிலேயே விழுமாறு அமைத்திருந்த அவரைக் காவற்றுறையினர் கைதுசெய்தனர். மோசடி செய்வோர் பொய்த்துன்பத்தைப் படைப்பது அரிது. மெய்த்துன்பத்தையே இரவல் வாங்குவர். நற்பெயருடைய நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றுவர். வேறோர் ஆண்டின் வெள்ளத்திலே எடுத்த படத்தை இன்றைய படமெனக் காட்டுவர். "இந்த நிமிடமே அனுப்புக" என்று விரைவுபடுத்துவர். விரைவே அவர்தம் முதற் கருவி.

மெய்யான தொண்டின் விலை யாதென்பதை மூதூர் அறியும். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 ஆந் தேதி, 'பட்டினிக்கு எதிரான செயல்' எனும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் இவ்வூரிலே கொல்லப்பட்டனர். பேரலைக்குப் பின்னர் மக்களுக்கு நன்னீர் வசதியும் சுகாதார வசதியும் அமைத்தலே அவர்கள் பணி. அத்தகையோர் ஈட்டிய நம்பிக்கையையே வஞ்சகர் கொள்ளையிடுகின்றனர். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை மெய்த்தொண்டனுக்கும் கதவடைப்பான்.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்னும் பழமொழியை நம்மவர் பெரும்பாலும் இரப்போன்மேல் ஏவுவர். ஏந்திய கையை நோக்கி நூறு வினா வினவுவோர், அக்கைக்கும் தமக்கும் இடைநின்று பணம் திரட்டுபவரை ஒரு வினாவும் வினவார். இது தலைகீழ் முறை. பசித்தவனிடம் கணக்குக் கேட்டல் அறமன்று. அவன் பெயரால் வாங்குபவரிடம் கேளாதிருத்தலும் அறமன்று.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகில் உள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள், நொந்தா விளக்கெரிக்க அன்பர் பசுக்களை அளித்தமையைப் பொறித்துள்ளன. சோழநாட்டுக் கோயில்களிலோ ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு அளித்தல் வழக்கு. அவற்றை ஏற்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு இறப்பினும் மூப்பினும் ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கை குறையாது காத்தல் வேண்டும். அதனாலேயே அவை 'சாவா மூவாப் பேராடு' எனப் பெயர்பெற்றன. எவர் அளித்தார், எதற்கு, ஏற்றவர் எவர், நாளொன்றுக்கு என்ன அளவு என்பன யாவும் கல்லிலே ஊரார் காண நின்றன. அந்நாளில் எவரும் அதனை அவநம்பிக்கை என்று கொண்டிலர் போலும்!

இக்காலத்தில் அக்கல்லின் இடத்தைக் கொள்ள வேண்டியவை பதிவும் பற்றுச்சீட்டும் கணக்கறிக்கையுமே. இலங்கையில் தன்னார்வச் சமூகசேவை அமைப்புக்களின் பதிவையும் மேற்பார்வையையும் பற்றி 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. பதிவு மட்டும் நேர்மைக்குச் சான்றாகாது. ஆயினும் பதிவிலக்கத்தைக் கூற மறுப்பவரிடமிருந்து விலகுதல் நன்று. பணம் சேர்வது நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிலா, தனியொருவர் கணக்கிலா என நோக்கல் வேண்டும். வந்த செய்தியிலுள்ள இணைப்பை அழுத்தாது, நிறுவனத்தின் முகவரியைத் தாமே தேடிச் செல்லல் வேண்டும். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பவர் எவராயினும் அவர் நன்கொடை கேட்பவரல்லர்.

மற்றோர் அடையாளமும் உண்டு. 2005 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பு, பேரலைப் பணிக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது என அறிவித்தது. மிகுந்ததைப் பிற நாடுகளின் துயர் துடைக்கச் செலவிடலாமா எனக் கொடுத்தவரிடமே இசைவும் கேட்டது. மிகப் பெரும்பாலோர் இசைந்தனர். திருப்பிக் கேட்டவர் மிகச் சிலரே. "போதும்" என்று சொல்லும் வாய் வஞ்சகனுக்கு இல்லை.

தொலைதேசத்திலிருந்து மூதூருக்கு உதவ விரும்பும் பழைய மாணவர்க்கு இவற்றினும் எளிய வழியொன்று உண்டு. உதவி வேண்டுவதாகக் கூறப்படும் குடும்பமோ பாடசாலையோ உண்மையில் உளதா என்பதை அப்பகுதிக் கிராம சேவகர் அறிவார். பிரதேச செயலகமும் அறியும். அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் தொலைபேசியிற் பேசினால், படகு வேண்டுமா, வலை வேண்டுமா, பிள்ளைக்குப் பாடநூல் வேண்டுமா என்பதும் தெரியவரும்.