சேற்றுக்கும் சொகுசுக்கும் ஒரே சுருள்வில்

1970 ஜூனில் வெளிவந்த முதல் ரேஞ்ச் ரோவரின் உள்ளே தோலும் கிடையாது, மரப் பலகையும் கிடையாது. தரையில் ரப்பர், இருக்கையில் வினைல், ஸ்டீயரிங்குக்கு முன்னால் முழுக்க பிளாஸ்டிக். வயலுக்குப் போய்ச் சேறும் சகதியுமாகத் திரும்பினால், கதவைத் திறந்துவைத்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்பதுதான் திட்டம். கதவும் இரண்டே, பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன்னிருக்கையைச் சாய்த்து உடம்பைக் குறுக்கி நுழைய வேண்டும். விலை 1,998 பவுண்டு. அதே பெயரில் இன்று வரும் பெரிய வண்டியின் விலையை நம் ஊரில் கோடிகளில்தான் சொல்கிறார்கள்.

இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் விளம்பரம், அந்தஸ்து, பணக்காரர் மோகம் என்று பதில் வரும். அதில் பொய்யில்லை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவருக்கு இன்னொரு கதை தெரியும். முரட்டு நிலத்தில் ஒரு வண்டி சிக்காமல் நகர எது தேவையோ, உள்ளே இருப்பவரை அலுங்காமல் கொண்டுபோகவும் பெரும்பாலும் அதுவேதான் தேவை. வாகனப் பொறியாளர்களுக்கே இது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

தொடக்கம் ஜீப்பில். இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ஒரு ராணுவ ஜீப்பை, வேல்ஸ் கரையோரம் ஆங்கில்சி தீவில் தன் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தார் மாரிஸ் வில்க்ஸ். ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் அவர். அதுவரை கண்ணியமான கார்கள் செய்துவந்த நிறுவனம் அது. ஜீப் மாதிரி ஒன்றை நாமே செய்தால் என்ன என்று தோன்றியதன் விளைவு, 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த லேண்ட் ரோவர். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்கு ரேஷன். அதனால் உடலை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். விவசாயிகள் வாங்கினார்கள், ராணுவங்கள் வாங்கின.

ஆனால் ஏறி உட்கார்ந்தவர்களின் முதுகெலும்பு என்ன பாடுபட்டது என்பது வேறு விஷயம். லேண்ட் ரோவருக்கு அடியில் இருந்தவை, இன்றும் லாரிகளில் பார்க்கிறோமே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங்குகள். அவற்றில் இரண்டு குணங்கள். ஒன்று, பாரம் தாங்கும் விறைப்பு. இரண்டாவது அதிகம் பேசப்படாதது: பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டேதான் வளைய முடியும். சின்னக் குலுக்கலுக்கு அந்த உராய்வைத் தாண்டும் பலம் இல்லை. அப்போது ஸ்பிரிங் வளையவே வளையாது. சிறு கல்லில் ஏறினாலும் அதிர்ச்சி நேராக இருக்கைக்கு வந்துவிடும்.

முதுகு வலிப்பது இருக்கட்டும், வண்டி நகர்வதற்கும் இந்த விறைப்பு கெடுதல்தான். டீக்கடை வாசலில் மேடுபள்ளமான மண்ணில் நான்கு கால் பெஞ்சைப் போட்டால் மூன்று கால் ஊன்றும், நான்காவது அந்தரத்தில் ஆடும். விறைத்த ஸ்பிரிங் கொண்ட வண்டி பாறையில் ஏறும்போதும் இதே நிலைதான். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தின் மேல் பாரம் இல்லை. பாரம் இல்லாத இடத்தில் உராய்வு இல்லை. உராய்வு இல்லாவிட்டால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. போதாக்குறைக்கு டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டம் வேறு. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. இருபக்கச் சக்கரங்களுக்கும் அது சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். தொங்கும் சக்கரம் சுழல அநேகமாக விசையே தேவையில்லை என்பதால், தரையில் ஊன்றிய சக்கரத்துக்கும் அநேகமாக ஒன்றுமே கிடைக்காது. ஒன்று காற்றில் வெறிபிடித்துச் சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். சேற்றில் சிக்கிய வண்டியைச் சுற்றி நின்று பார்த்த எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது.

ஆகவே காடுமேட்டில் ஒரு வண்டியின் திறமை எஞ்சினைவிடச் சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வரும் என்பதில்தான் அதிகம் இருக்கிறது. இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஸ்பென் கிங். மாரிஸ் வில்க்ஸுக்கு மருமான், ரோவரிலேயே பொறியாளர். ரோவர் 2000 என்ற குடும்பக் காரை மேடுபள்ளமான புதர்க்காட்டில் ஓட்டிப் பார்த்தபோது, மென்மையான நீளமான சுருள்வில் கொண்ட அந்தக் கார், முரட்டு வண்டியான லேண்ட் ரோவரைவிட நயமாகப் போனது. பஞ்சுபோன்ற ஸ்பிரிங் சாலைக்கு, விறைத்த ஸ்பிரிங் காட்டுக்கு என்ற எண்ணம் அங்கேயே உடைந்தது. கார்டன் பாஷ்ஃபோர்டுடன் சேர்ந்து அவர் செய்த வண்டிதான் ரேஞ்ச் ரோவர்.

நான்கு சக்கரத்துக்கும் நீண்ட சுருள்வில். ஆனால் இடது வலது சக்கரங்களைக் கட்டியிருக்கும் முழு அச்சை அவர்கள் எடுக்கவில்லை. ஒரு பக்கம் பாறையில் ஏறினால் அச்சு சாய்ந்து மறுபக்கச் சக்கரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்தும். காட்டில் அது இலவசமாகக் கிடைக்கும் உதவி.

மென்மைக்கு ஒரு விலை உண்டு. சாமான் ஏற்றினால் வண்டியின் பின்புறம் உட்கார்ந்துவிடும். அதற்கு அவர்கள் பின்னச்சின் மேல் பொருத்திய கருவிதான் இந்த வண்டியிலேயே எனக்கு மிகப் பிடித்த பாகம். போகே என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தண்டு அது. அதற்கு எஞ்சினிலிருந்து பம்ப் கிடையாது, மின்கம்பி கிடையாது. பாரத்தோடு வண்டி கிளம்பியதும் சாலை போடும் ஆட்டமே உள்ளே இருக்கும் எண்ணெயைப் பம்ப் அடிக்கும்; கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டியின் பின்புறம் தானே உயர்ந்து சரியான மட்டத்துக்கு வந்து நிற்கும். குலுங்கக் குலுங்க நிமிர்கிற வண்டி!

இதெல்லாம் உடம்புக்கு ஏன் இதமாக இருக்கிறது? நம் உடலும் ஒரு வகையில் ஸ்பிரிங்கில் தொங்கும் எடைதான். உட்கார்ந்திருக்கும் மனிதரின் வயிறும் மார்பும் நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை வரையான மேல்கீழ் அதிர்வுக்குத்தான் அதிகமாகச் சேர்ந்து ஆடுகின்றன. விறைத்த ஸ்பிரிங் நம்மை அந்த வீச்சை நோக்கித் தள்ளுகிறது. மென்மையான ஸ்பிரிங்கில் வண்டி நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் அசையும். அந்த அசைவை உடம்பு பொருட்படுத்துவதில்லை. சேற்றுக்காக நீட்டிய சுருள்வில் முதுகுக்கும் மருந்தானது இப்படித்தான்.

வண்டிக்குத் தகுந்த எஞ்சினும் அமைந்தது. அமெரிக்காவில் ப்யூக் கைவிட்ட அலுமினிய வி8 எஞ்சினின் உரிமையை ரோவர் வாங்கியிருந்தது. மூன்றரை லிட்டர், எடை குறைவு. அதன் முறுக்கை நிரந்தரமாக இரண்டு அச்சுக்கும் பங்கிட்டார்கள். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டி உழவு நிலத்திலும் இறங்கியது. 1971–72-ல் பிரிட்டிஷ் படையினர் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்க முனை வரை இரண்டு ரேஞ்ச் ரோவர்களை ஓட்டிப் போனார்கள், சாலையே இல்லாத டேரியன் சதுப்புக் காட்டின் ஊடாக. முதல் பாரிஸ்–டக்கார் ஓட்டத்தில் 1979-ல் கார்களில் முதலாவதாக வந்ததும் இதுதான்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொழில் வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக இதைக் காட்சிக்கு வைத்தார்கள். லண்டன் பணக்காரர்கள் உள்ளே தோல் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தின் மொன்டெவெர்டி நான்கு கதவு வைத்துக் கொடுத்தது. கம்பெனி தானாக நான்கு கதவு வைக்க 1981 ஆயிற்று, ஆட்டோமேட்டிக் கியருக்கு 1982. பதினோரு வருடம் ஒரு கதவுக்கு! தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் அப்போது பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. சொகுசுச் சந்தைக்குள் இந்த வண்டியை நுழைத்தது கம்பெனியைவிட வாங்கியவர்களே என்றுதான் சொல்வேன்; 1987-ல் அமெரிக்காவுக்குப் போகும்போதுதான் கம்பெனியும் அதை ஒப்புக்கொண்டாற்போலத் தெரிந்தது.

1992-ல் எஃகுச் சுருளின் இடத்தில் காற்றுப் பை வந்தது. எஃகுச் சுருளின் விறைப்பு மாறாதது. ஆள் ஏற ஏற வண்டி தாழும், ஆட்டத்தின் வேகமும் மாறும். காற்றுப் பையில் பாரம் இரட்டித்தால் மட்டத்தைக் காக்க உள்ளழுத்தமும் இரட்டிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் விறைப்பும் அதே விகிதத்தில் கூடும். எடையும் விறைப்பும் கைகோத்து ஏறுவதால் ஆட்டத்தின் வேகம் அநேகமாக அப்படியே நிற்கிறது. ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் ஒரே இதம். கூடவே, பள்ளத்தில் உயரவும் நெடுஞ்சாலையில் தாழவும் ஒரு பொத்தான் போதும்.

2001-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் முழு அச்சையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடினால் சாலையில் சொகுசு கூடும். ஆனால் ஒரு சக்கரம் ஏறினால் மற்றது இறங்கும் என்ற பழைய உதவி போய்விட்டது. அதைத் திரும்பப் பெற்ற விதம் அழகானது. காட்டுவழியில் இடது வலது காற்றுப் பைகளை இணைக்கும் குழாயின் வால்வு திறந்துகொள்கிறது. பாறையில் ஏறும் சக்கரம் தன் பையை நசுக்க, அங்கிருந்து பிதுங்கும் காற்று மறுபக்கப் பைக்குள் போய் அந்தச் சக்கரத்தைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறது. இரும்பு அச்சு செய்த வேலையை இப்போது வெறும் காற்று செய்கிறது. டிஃபரென்ஷியலின் தொல்லைக்கும் இதேபோல ஒரு குறுக்குவழி: வெறுமனே சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் போட்டுப் பிடிக்கும். சுழல்வது கடினமானதும் அதற்கு விசை ஏறுகிறது. சமமாகப் பங்கிடும் டிஃபரென்ஷியல் அதே விசையை ஊன்றிய சக்கரத்துக்கும் கொடுத்தே ஆக வேண்டும்.

2012-ல் அலுமினியம் உடலிலிருந்து எலும்புக்கூடு வரை இறங்கியது. பசையும் ரிவிட்டுமாக, விமானம் கட்டுவதுபோல். முந்தையதைவிட 420 கிலோ வரை எடை குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அதற்குள் கம்பெனி பி.எம்.டபிள்யூ, ஃபோர்டு என்று கைமாறி, 2008-ல் ஜாகுவாரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா வசம் வந்திருந்தது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் தயாராகும் ஆலைக்கு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு.

சேற்றிலிருந்து சொகுசுக்கு நகர்ந்த இந்தப் பயணம் ஸ்பென் கிங்குக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்தஸ்தைக் காட்டவென்று அதைச் செய்யவில்லை என்ற பொருள்பட முதுமையில் வெளிப்படையாகவே சொன்னார். 2010-ல் காலமானார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்குச் சக்கரத்தைப் பார்த்தால் போதும். 1970 வண்டியின் ரிம் 16 அங்குலம், அதைச் சுற்றித் தடித்த ரப்பர். இன்றைய வண்டிக்கு 23 அங்குல ரிம் வரை கிடைக்கிறது; ரப்பரின் பக்கச்சுவர் மெலிந்துவிட்டது. மணலில் போகிறவர்கள் டயரில் காற்றைக் குறைப்பார்கள். அழுத்தம் பாதியானால் தரையில் படியும் பரப்பு வெகுவாகக் கூடும். பாரம் பரவி மணலில் சக்கரம் புதையாது. அந்த உப்பலுக்குப் பக்கச்சுவரில் சதை வேண்டும். காற்றுப் பையும் கணினியும் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் 23 அங்குல ரிம்மில் அந்தச் சதை மிச்சமில்லை. பாலைவனத்துக்கு மெய்யாகவே போக நினைப்பவர் வாங்கும்போதே சிறிய ரிம்மைக் கேட்டு வாங்குவார்.