உறங்க வேண்டிய செயலிகள், விழித்திருக்க வேண்டிய செயலிகள்

கைபேசியை மேசைமீது வைத்துவிட்டு நாம் வேறு பணியில் ஈடுபட்டிருக்கும்போதும் அதிலுள்ள செயலிகள் ஓய்ந்திருப்பதில்லை. ஒன்று புதிய மின்னஞ்சலைத் தேடுகிறது. மற்றொன்று புகைப்படங்களை இணையச் சேமிப்பகத்திற்கு அனுப்புகிறது. சமூக ஊடகத்தைத் திறந்தாலோ, நாம் தொடாமலேயே காணொளிகள் ஓடத் தொடங்குகின்றன. அன்றைய டேட்டா மாலைக்குள் தீர்ந்துபோவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவற்றைக் கட்டுப்படுத்தும் வழி நம் கையிலேயே உள்ளது. 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 முதல் ‘டேட்டா சேமிப்பான்’ வசதி இடம்பெற்றுள்ளது. அதை இயக்கினால், நாம் விலக்கு அளித்தவை தவிர ஏனைய செயலிகள் பின்னணியில் மொபைல் டேட்டாவைப் பயன்படுத்த இயலாது. ஐபோனில் ‘பேக்கிரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ்’ பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே இதைத் தீர்மானிக்கலாம். யூடியூபின் முகப்பில் காணொளிகள் தாமாக ஓடுவதை வைஃபை இணைப்புக்கு மட்டும் எனச் சுருக்கலாம். வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தாமாகப் பதிவிறங்குவதை நிறுத்தலாம்.

ஆயினும், இந்தச் சிக்கனம் வங்கிச் செயலிக்குப் பொருந்தாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்தால், மீண்டும் திறக்கும்வரை அதன் அறிவிப்புகள் நம்மை எட்டா. பின்னணி டேட்டாவைத் தடுத்தாலும் அவை தாமதமாகலாம்.

அந்தத் தாமதத்திற்கு விலை உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறின்றி, வெளியாரால் நிகழ்ந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், குறிப்பிட்ட வரம்புவரை இழப்பை அவரே ஏற்க நேரிடும். கடவுச்சொல்லைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், புகார் அளித்த பின்னர் நிகழும் இழப்பு வங்கியையே சாரும். ஆகவே, அறிவிப்பை உடனே காண்பதே நமது முதல் காப்பு.

எனவே, வங்கிச் செயலியை டேட்டா சேமிப்பானிலிருந்தும் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்கி வைப்போம். குறுஞ்செய்திக்கு டேட்டா தேவையில்லை. ஆதலால், வங்கியில் பதிந்த கைபேசி எண் நடப்பில் உள்ளதா என்பதையும் உறுதிசெய்வோம். நாம் செய்யாத பரிவர்த்தனை கண்ணில் பட்டால், உடனே வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிப்போம். காணொளிகள் காத்திருக்கலாம், கணக்கு குறித்த எச்சரிக்கை காத்திருக்கலாகாது.