அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் ஊர்

ஆகஸ்ட் மாத அந்தி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஹாரிஸ் கவுண்டியில் ஒரு வீட்டுக்காரர் வெளிக்குழாயைத் திறக்கிறார். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, வீட்டைச் சுற்றித் தரையோடு தரையாகக் கிடக்கிறது ஒரு கறுப்பு ரப்பர் குழாய். உடம்பெல்லாம் பொடித் துளை. வியர்ப்பதுபோல நீர் கசிகிறது. பக்கத்தில் ரோஜாவும் இல்லை, தக்காளியும் இல்லை. அவர் நனைப்பது வீட்டின் அஸ்திவாரத்தை.

பைத்தியக்காரத்தனம் இல்லை இது. ஹூஸ்டன் நகரத்தைத் தனக்குள் வைத்திருக்கும் இந்தக் கவுண்டியின் பெரும்பகுதி களிமண். நம்மூர்க் கரிசல் மாதிரியே மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். உள்ளூர்க்காரர்கள் அதை ‘கம்போ’ என்கிறார்கள். அந்தப் பக்கத்தில் வெண்டைக்காய் போட்டுக் கொழகொழவென்று வைக்கும் ஒரு குழம்பின் பெயர் அது. வீடுகளோ ஒரே கான்கிரீட் பலகையின்மேல் உட்கார்ந்திருப்பவை. விளிம்பில் மண் காய்ந்து, நடுவில் ஈரம் நின்றால் பலகை வளையும். முதலில் கதவு நிலையில் சிக்கும். பிறகு ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல் சுவரில் ஏறும்.

இத்தனைக்கும் மழை பொய்க்கிற பூமி இல்லை. ஆண்டுக்குச் சராசரி 1,300 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட சென்னைக்குக் கிடைக்கிற அளவு. சென்னை அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் வாங்கிக்கொள்ளும். ஹாரிஸ் கவுண்டிக்குப் பருவமழை என்று ஒன்று கிடையாது. ஜூனில் அதிகம், பிப்ரவரியில் குறைவு. அந்தக் குறைந்த மாதத்திலும் 75 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்துவிடும். புவியியல் பாடத்தில் இதை ‘ஈரமான துணை வெப்பமண்டலக் காலநிலை’ என்பார்கள். வறண்ட பருவமே இல்லாத வகை.

கெய்ரோவும் ஹூஸ்டனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அங்கே பாலைவனம், இங்கே சதுப்பு. காரணம் தெற்கே இருக்கும் மெக்ஸிகோ வளைகுடா. கோடையில் அந்தத் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸ்வரை சுடும். அதன்மேல் தவழ்ந்து வரும் தென்கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து கவுண்டியின்மேல் இறக்கும். ஆகஸ்டில் பகல் வெயில் 35 டிகிரி என்றால் கேட்பவருக்குப் பெரிதாகத் தோன்றாது. விடிகாலையிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல், மூக்குக் கண்ணாடியோடு வாசலுக்கு வந்ததும் கண்ணாடி வேர்த்துப் போகுமே, அதுதான் அந்த ஊர்க் கோடை. 1836இல் இந்த ஊரை மனை போட்டு விற்ற ஆலன் சகோதரர்கள், கடற்காற்று வீசும் ஆரோக்கியமான இடம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். காற்று வீசியது உண்மை. ரியல் எஸ்டேட் விளம்பரங்கள் எந்த நூற்றாண்டிலும் முழுப் பொய் சொல்வதில்லை.

ஏசி வந்த பிறகுதான் ஊர் உண்மையில் பெருத்தது. 2020 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 47 லட்சம். வெயில், மழை, கொசு மூன்றுக்கும் பயந்து கூரை போட்டுக் குளிரூட்டிய பேஸ்பால் அரங்கமான ஆஸ்ட்ரோடோம், 1965இல் இங்கேதான் திறந்தது. நகர மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் போக, தரைக்கடியில் சுமார் 10 கிலோமீட்டருக்குக் குளிரூட்டிய சுரங்க நடைபாதைகள். 2001 ஜூனில் அலிசன் புயல் மழை கொட்டியபோது அந்தச் சுரங்கங்களுக்குள்ளும் வெள்ளம் இறங்கியது. வெயிலுக்குத் தப்பிக் கட்டியதை மழை பிடித்தது.

சராசரி என்ற சொல்லை இந்த ஊரில் நம்பக் கூடாது. 2011இல் வருடம் முழுக்கப் பெய்தது வழக்கத்தில் பாதிதான். மண் சுருங்கிச் சுருங்கி, தெருவுக்கடியில் குடிநீர்க் குழாய்கள் முறிந்தன; மெமோரியல் பூங்காவில் மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின. ஆறே ஆண்டு கழித்து, 2017 ஆகஸ்ட் கடைசியில் வந்தது ஹார்வி. நகராமல் நின்ற அந்தப் புயல் நான்கு நாளில் கவுண்டிமேல் கொட்டிய தண்ணீர் ஒரு டிரில்லியன் கேலன், அதாவது சுமார் 3.8 லட்சம் கோடி லிட்டர். கவுண்டி முழுவதும் பரப்பி வைத்தால் தொடை உயரத்துக்கு நிற்கும். பஃபலோ பையூ போன்ற ஓடைகள் சோம்பேறிகள். தட்டைத் தரையில் நீரைக் கடலுக்கு அனுப்ப அவசரப்படுவதில்லை. ஒன்றரை லட்சம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

அதிலும் கொடுமையான கதை ஒன்று உண்டு. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு நகரத்தைக் காக்க மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். மழை இல்லாத நாளில் இவை ஏரி இல்லை, வெறும் காடும் பூங்காவும். ஆண்டுக்கணக்கில் காய்ந்தே கிடந்ததால், நிரம்பினால் தண்ணீர் எட்டும் இடத்திலும் குடியிருப்புகள் முளைத்தன. ஏரி உள்வாயில் மனை போட்ட கதை நமக்குப் புதிதா என்ன? ஹார்வியில் அணைக்கு மேலே இருந்தவர்களைத் தேங்கிய நீர் மூழ்கடித்தது; அணை உடையாமலிருக்கத் திறந்துவிட்டபோது கீழே இருந்தவர்களும் மூழ்கினார்கள்.

2024இல் காற்றின் முறை. மே 16 அன்று மணிக்கு 160 கிலோமீட்டர் வேகச் சூறைக்காற்று நகர மையத்து வானளாவிகளின் கண்ணாடிகளைப் பெயர்த்தது. ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தது. முதல் வகைதான், பெரிய புயல் இல்லை. ஆனால் 22 லட்சம் மின் இணைப்புகள் அணைந்தன. ஏசி இல்லாத வீட்டில் ஜூலை வெயிலோடு நாள்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. புயலில் பிழைத்தவர்களில் சிலரை அந்தப் புழுக்கம் கொன்றது.

குளிர்காலம் பொதுவாகச் சாது. ஜனவரிப் பகல் 17 டிகிரியை ஒட்டி இருக்கும், ஸ்வெட்டர் போதும். ஆனால் கனடாவிலிருந்து வளைகுடாவரை குறுக்கே நிற்க ஒரு மலை கிடையாது. வடக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கினால் அரைக்கைச் சட்டையோடு வேலைக்குப் போனவர் நடுங்கியபடி திரும்ப வேண்டியதுதான். 2021 பிப்ரவரியில் பாதரசம் மைனஸ் 10க்கும் கீழே போய், மின்சாரமும் போய், பரணில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, உத்தரத்திலிருந்து அருவி கொட்டியது. அங்குள்ள தமிழ் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலையை முன்னாடியே வீட்டுக்குள் தூக்கி வைத்தவர்கள், வைக்காதவர்கள். முருங்கை தலை கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கறிவேப்பிலை அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

குளிரில் மாட்டுவது மனிதரும் செடியும் மட்டுமில்லை. பஃபலோ பையூவின் குறுக்கே உள்ள வா டிரைவ் பாலத்தின் இடுக்குகளில் லட்சக்கணக்கான வௌவால்கள் ஆண்டு முழுக்கத் தங்குகின்றன. 2022 டிசம்பர் உறைபனியில் அவை விறைத்துப் பிடி நழுவித் தரையில் விழுந்தன. விலங்கு நல ஊழியர்கள் அவற்றை நூற்றுக்கணக்கில் பொறுக்கி எடுத்துக் கதகதப்பில் வைத்து, நீராகாரம் கொடுத்து, குளிர் விட்டதும் அதே பாலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

மார்ச்சில் அசேலியா பூக்கும், ஓக் மரங்களின் மகரந்தம் கார்களின்மேல் மஞ்சள் பொடியாகப் படியும், ஊரே தும்மும். ஊர்க்காரர்கள் உண்மையில் காத்திருப்பது அக்டோபருக்கு. ஒரு நாள் காலை காற்று திசை மாறி, காய்ந்து வீசும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஜன்னல்கள் திறக்கும், ஏசி நிற்கும். அஸ்திவாரத்து ரப்பர் குழாயைச் சுருட்டிக் கராஜில் மாட்டும் நாளும் அதையொட்டித்தான் வரும். அந்த நேரம் பார்த்து ஹார்டுவேர் கடையில் புதிய சரக்கு அடுக்கியிருப்பார்கள்: வெளிக்குழாய் உறையாமலிருக்க மாட்டும் தெர்மாகோல் மூடி.