அக்குபஞ்சர்: எதை எதிர்பார்க்கலாம்?

"முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர் பார்க்கலாமா, டாக்டர்?" பொது மருத்துவரான என்னிடம் வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்கிறார். கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்தான். நான் முகம் சுளிக்கிறேனா என்று பார்க்கவே கேட்கிறார். நான் சுளிப்பதில்லை. கழுத்து வலிக்காக நானே பத்து முறை ஊசி குத்திக்கொண்டவன். அங்கே என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஊசியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நாம் பழகிய மருந்து ஊசி உள்ளே துளையுடையது, தடித்தது. அக்குபஞ்சர் ஊசியோ துளையற்ற மெல்லிய எஃகுக் கம்பி; அதன் விட்டம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். தோலைத் துளைக்கும்போது எறும்பு கடித்தாற்போல் 'சுருக்' என்று இருக்கும். பிறகு அந்த இடத்தில் ஒருவிதக் கனமும் மந்தமான குடைச்சலும் தோன்றும். சீன மருத்துவர்கள் இதை 'தே சீ' என்று அழைத்து, ஊசி சரியான இடத்தில் இறங்கியதற்கான அடையாளமாகக் கொள்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தாற்போல் கூரிய வலி ஏற்பட்டால் மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும், நரம்பில் பட்டிருக்கலாம்.

முதல் நாளில் பாதி நேரம் பேச்சிலேயே கழியும். தூக்கம், பசி, மலச்சிக்கல் என வலிக்குத் தொடர்பில்லாதவை எல்லாம் விசாரிக்கப்படும். நாக்கை நீட்டச் சொல்வார்கள். இரு கைகளிலும் நாடி பார்ப்பார்கள். கழுத்து வலிக்குக் காலில் ஊசி ஏறினாலும் வியக்க வேண்டாம், எனக்கு ஏறியது. பதினைந்து முதல் முப்பது நிமிடங்கள் வரை ஊசிகள் உடலில் இருக்கும். பலர் உறங்கிவிடுகிறார்கள். சிலருக்கு முதல் முறை தலைசுற்றல் வரும் என்பதால் வெறும் வயிற்றில் செல்லாமல் இருப்பதும், படுத்த நிலையில் சிகிச்சை பெறுவதும் நல்லது.

இனி, பலன் கிடைக்குமா என்ற கேள்வி. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. முதல் பிரிவினருக்கு முறைப்படியான அக்குபஞ்சர். இரண்டாம் பிரிவினருக்கு அக்குபஞ்சர் புள்ளிகளே அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரை, இயன்முறை சிகிச்சை, உடற்பயிற்சி ஆகிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தார்கள். மூன்றாம் பிரிவில் 27.4 விழுக்காட்டினர். போலியாகக் குத்தப்பட்ட இரண்டாம் பிரிவிலோ 44.2 விழுக்காடு!

இந்த முடிவை இரு தரப்பினரும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகிறார்கள். ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது உண்மை. எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பது பெரிதாகப் பொருட்படவில்லை என்பதும் உண்மை. ஒருவர் அருகிலிருந்து அக்கறையுடன் கவனிப்பது, அரை மணி நேர ஓய்வு, நோயாளியின் எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கும் இந்த நிவாரணத்தில் பங்குண்டு என்றே கருதுகிறேன். அதற்காக இதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனமில்லை; வலி குறைந்தவருக்கு வலி குறைந்ததுதான். வல்லுநர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் இடுப்பு வலிக்கு அக்குபஞ்சரை அளிக்க வேண்டாம் என்று 2016-இல் சொன்னது. ஒற்றைத் தலைவலிக்கான தடுப்பு மருந்துகள் ஒத்துவராதபோது, ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து அமர்வுகள் வரை பரிசீலிக்கலாம் என்கிறதும் அதே நிறுவனம்தான்.

இவை எல்லாம் வலியைப் பற்றியவை, ஊசியைப் பற்றியவை. இங்கேதான் தமிழ்நாட்டு வாசகர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நம் ஊர்களில் அக்குபஞ்சர் என்று பலகை மாட்டியிருக்கும் இடங்கள் பலவற்றில் ஊசியே கிடையாது. நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரலால் சில நொடிகள் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஊசியை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகளை இந்தத் தொடு சிகிச்சைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. தொடுவதால் தீங்கில்லை. அதனுடன் சேர்த்து, 'மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள், கழிவுகள் வெளியேறட்டும்' என்று சிலர் கூறும் அறிவுரைதான் ஆபத்தானது. இன்சுலினை நிறுத்திய ஒருவர், ஆறாத கால் புண்ணுடன் என்னிடம் வந்தார். இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. உடல் தன்னைச் சுத்திகரித்துக்கொள்வதன் அடையாளமே அந்தப் புண் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கான மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மத்திய அரசு 2019-இல் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அந்த அங்கீகாரம் முறைக்கு உரியது. சிகிச்சை அளிப்பவர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியின் உறையை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லலாம்; மஞ்சள்காமாலைக் கிருமி முதல் ஹெச்.ஐ.வி. வரை பழைய ஊசியால் பரவக்கூடும். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்றவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் 97,733 பேரைக் கண்காணித்த ஆய்வில், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இருவருக்கு மட்டுமே. அரிதுதான், எனினும் மார்பிலோ தோளிலோ ஊசி குத்திய பின் மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

போகத் தீர்மானித்தவர்களிடம் நான் சொல்வது எளிது. முதல் நாளே உங்கள் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு வாரமும் குறியுங்கள். ஆறு அமர்வுகள் முடிந்தும் அந்த எண் இறங்கவில்லை என்றால், ஏழாவதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.