ஏழு வல்லுநர்கள், ஐந்து கேள்வித்தாள்கள்

எதிர்காலத்தைப் பற்றி ஒருவரிடம் கேட்பதைவிடப் பலரிடம் கேட்பது மேல் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் அந்தப் பலரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் காரியம் கெடும். பதவியில் மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டவர் பிறகு மாற்றிச் சொல்லக் கூச்சப்படுவார். இந்தத் தொல்லையைத் தவிர்க்க உருவானது டெல்ஃபி முறை. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் 1950-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி பனிப்போர்க் காலத்துக்கே உரியது. சோவியத் தரப்பிலிருந்து பார்த்தால், அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எத்தனை அணுகுண்டுகள் வேண்டும்? பொருளாதார அறிஞர்கள் நால்வர் உட்பட ஏழு வல்லுநர்கள் ஐந்து கேள்வித்தாள்களுக்குப் பதில் எழுதினார்கள்; தங்களுக்குள் பேசிக்கொள்ள அனுமதியில்லை. முதலில் ஒருவர் 50 என்றார், இன்னொருவர் 5,000 என்றார். அந்த எண்ணுக்கு எப்படி வந்தார்கள், இன்னும் என்ன தகவல் தேவை என்றும் அவர்களிடம் கேட்கப்பட்டது. ஒருவர் கணக்கில் சேர்த்து மற்றவர் மறந்துவிட்ட விஷயங்கள், சொன்னவர் பெயரில்லாமல் அடுத்த தாளில் எல்லோருக்கும் போயின. கடைசியில், சில திருத்தங்களுக்குப் பிறகு, விடைகள் 167-க்கும் 360-க்கும் இடையில் வந்து நின்றன. ராணுவ ரகசியம் என்பதால் ஆய்வு 1963-ல்தான் வெளியானது.

விடைகள் நெருங்கிவந்தன என்பதாலேயே அவை சரி என்று ஆகிவிடாது. இந்தக் கணக்கை, நல்லவேளையாக, யாரும் சரிபார்க்க நேரவில்லை. பெரும்பான்மை எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் சிலர் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வதும் உண்டு. ராண்டிலேயே இருந்த ஹரால்ட் சாக்மன் 1974-ல் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தார்.

ஆனாலும் அரசுகள் அதைக் கைவிடவில்லை. எந்தத் தொழில்நுட்பம் எந்த ஆண்டில் கைகூடும் என்று ஜப்பான் 1971 முதல் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் விஞ்ஞானிகளிடம் கேட்டுவருகிறது. பழைய கணிப்புகளில் எது பலித்தது என்று திரும்பிப் பார்க்கவும் அங்கே வழியுண்டு. இந்த வேலையில் அதுவே அபூர்வம். இந்தியாவில் அப்துல் கலாம் தலைமையில் டைஃபாக் அமைப்பு நாடெங்கும் பல துறை வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி, 2020-க்கான தொழில்நுட்பத் தொலைநோக்கை 1996-ல் வெளியிட்டது.

எண்ணால் சொல்ல முடியாத கேள்விகளுக்கு வேறு வழி தேவைப்படுகிறது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் குழுவினர், நடக்கக்கூடிய பல எதிர்காலங்களைக் கதைகள்போல எழுதி மேலாளர்கள் முன் வைத்தார்கள். எண்ணெய் நாடுகள் விலையை உயர்த்தக்கூடும் என்பது அவற்றில் ஒன்று. 1973 அக்டோபரில் தொடங்கிய நெருக்கடியில் சில மாதங்களிலேயே விலை நான்கு மடங்கானபோது, ஷெல் மேலாளர்களுக்கு அது முற்றிலும் புதிய செய்தியாக இல்லை.

கணிப்பவர்களுக்கே மதிப்பெண் போட்டுப் பார்த்தவர் உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக். நிபுணர்கள் 284 பேரின் அரசியல் கணிப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005-ல் அவர் வெளியிட்ட முடிவு நிபுணர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. 2011-ல் அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வுப் பிரிவு நடத்தத் தொடங்கிய கணிப்புப் போட்டியில் அவரது குழு சாதாரண ஆர்வலர்களைத் திரட்டி முன்னிலை பெற்றது. அவர்களில் சிறந்தவர்கள் “நடக்கும்”, “நடக்காது” என்று பேசவில்லை. நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று எழுதி, புதுச் செய்தி வரவர அந்த எண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.